காணாத வைத்தியரும் மீண்டும் வந்த மருந்துச் சீட்டும்

நோயாளி வைத்தியரை நாடிச் செல்வதும், செல்ல இயலாதவிடத்து வைத்தியர் நோயாளியின் வீட்டுக்கு வருவதுமே உலக வழக்கு. இவ்விரண்டுமின்றி, ஒருவர் முகத்தை ஒருவர் நேரிற் காணாமலே நோயைச் சொல்லி மருந்தைப் பெறுவது இணையம் வந்தபின் தோன்றிய புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். கைத்தொலைபேசியின் திரையில் வைத்தியர் தோன்றுகிறார். இரண்டொரு கேள்வி கேட்கிறார். சென்ற மாதம் எழுதிய மருந்தையே இந்த மாதமும் எழுதியனுப்புகிறார். மருந்து வீடு வந்து சேர்கிறது. கருவி புதியது, செயல் மிகப் பழையது. அச்செயலின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், இன்று நம்மிடையே எழுகின்ற ஐயங்கள் யாவும் முன்னரே எழுந்தவை என்பதும், அவற்றுட் சிலவற்றிற்கு நல்ல விடைகள் காணப்பட்டன என்பதும் புலனாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் கற்ற வைத்தியர் மிகச் சிலர். அச்சிலரும் நகரங்களிலேயே வாழ்ந்தனர். நாட்டுப்புறத்திலிருந்தவர் தம் நோயை விரிவாகக் கடிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புவர். வைத்தியர் மறுமொழி எழுதுவார். இன்று சுவிற்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் வாழ்ந்த திசோ என்பவர் இத்துறையிற் பெரும் புகழ் படைத்தவர். அவர் 1761 இற் பொதுமக்களுக்கென உடல்நல நூலொன்றை வெளியிட்டார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்ட அந்நூலில், தொலைவிலுள்ள வைத்தியருக்கு எழுதுவோர் தவறாது விடையளிக்க வேண்டிய வினாக்களின் பட்டியல் ஒன்றுண்டு. நோயாளியின் வயதென்ன? நோய் வருமுன் உடல்நிலை எவ்வாறிருந்தது? எத்தனை நாளாக நோய்? அது எவ்வாறு தொடங்கியது? காய்ச்சல் உண்டா? இதுவரை உட்கொண்ட மருந்துகள் யாவை? இன்று இணைய வைத்தியத்தை நாடுவோர் முதலில் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பார்த்தவர்க்கு இவ்வினாக்கள் புதியனவாகத் தோன்றமாட்டா.

திசோவின் காலத்தவரே வில்லியம் கல்லன். ஸ்கொத்லாந்து நாட்டில் 1710 இற் பிறந்து, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பேராசிரியராய் விளங்கி, 1790 இல் மறைந்தவர். நாட்டின் நாற்றிசையிலிருந்தும் கடல்கடந்த இடங்களிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தவண்ணமிருந்தன. நோயாளியே எழுதியவையும் உண்டு. அவர் உறவினரோ, உள்ளூர் அப்போதிக்கரியோ, சத்திர வைத்தியரோ எழுதியவையும் உண்டு. கல்லன் மருந்தை மட்டும் எழுதியனுப்பவில்லை. எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, எவ்வளவு நேரம் குதிரையேறி உலாவுவது என்றெல்லாம் எழுதினார். நோயாளி மீண்டும் எழுதுவார். மருந்து மாறும், அல்லது அதுவே தொடரும். ஒரே நோயாளியோடு ஆண்டுக்கணக்காக நீண்ட கடிதத் தொடர்களும் உள.

இவ்விடத்தில் ஓர் இடர் எழுகின்றது. மூன்று மாதங்களின்பின் நோயாளி ஒருவர் மீண்டும் எழுதினால், அவருக்கு முன்னர் என்ன எழுதினோம் என்பதை வைத்தியர் எவ்வாறு அறிவது? சொன்னதெல்லாம் தபாலிற் போய்விட்டதன்றோ? தொடக்கத்திற் கல்லன் எழுத்தர் ஒருவரைக் கொண்டு தம் மறுமொழிகளைப் பிரதி செய்வித்தார். பின்னர், நீராவியந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் 1780 இற் பிரதியெடுக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தனிப்பட்ட மையால் எழுதிய கடிதத்தின்மீது ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அத்தாளிற் படியும். தாளின் மறுபுறத்திலிருந்து அதனைப் படிக்கலாம். கல்லன் 1781 அளவில் அப்பொறியைத் தம் வைத்தியத்திற் பயன்படுத்தத் தொடங்கினார். அவ்வாறு சேர்ந்த கடிதங்களும் பிரதிகளும் ஆயிரக்கணக்கில் எடின்பரோவிலுள்ள அரச வைத்தியர் கல்லூரியில் இன்றும் பேணப்படுகின்றன. அண்மைக் காலத்திற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் அவற்றை இணையத்தில் யாவரும் படிக்கத் தந்துள்ளனர். தபாலில் வைத்தியஞ் செய்தவரின் பெருமைக்கு அவருடைய அறிவு ஒரு பாதியெனின், அவர் வைத்திருந்த பிரதி மறுபாதி எனலாம்.

காணாமற் செய்த வைத்தியத்தை அக்காலத்தார் குறைவாக மதிக்கவில்லை. இது இன்று வியப்பளிக்கலாம். ஆனால் அந்நாளில் நோயாளி எதிரே அமர்ந்திருந்தாலும் வைத்தியர் செய்தது பெரும்பாலும் அவர் சொல்வதைக் கேட்பதே. நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், அவ்வளவே. இந்நிலையை மாற்றியவர் பிரான்சு நாட்டு லெனெக். அவர் 1816 இல் இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயைக் கண்டுபிடித்தார். மார்பிற் குழாயை வைத்துக் கேட்கத் தொடங்கியபின் நோயாளியின் சொல் மட்டும் போதாதாயிற்று. அவருடைய உடலும் வைத்தியர் முன்னே இருக்கவேண்டியதாயிற்று. கடித வைத்தியம் மெல்ல மெல்ல மங்கியது.

வைத்தியர் கண்முன்னே வந்துவிட்டார். ஆனால் அவர் எழுதிய சீட்டோ அவரை விட்டுப் பிரிந்து தனியே உலாவத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் மருந்துச் சீட்டு நோயாளியின் உடைமை. மருந்துக்கடைக்காரர் அதனைத் தம் ஏட்டிற் பெயர்த்தெழுதி, மருந்தைக் கலந்து கொடுத்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே சீட்டோடு அடுத்த கிழமையும் வரலாம். அடுத்த ஆண்டும் வரலாம். வேறு கடைக்கும் போகலாம். அயலவருக்கு இரவலாகவும் கொடுக்கலாம். இருமல் மருந்துக்கு இதனாற் பெருங் கேடில்லை. ஆனால் அதே நூற்றாண்டில் அபினிலிருந்து மோர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1850 களில் ஊசி வழியாக அதனை உடலிற் செலுத்தும் முறையும் வந்தது. பல்வலிக்கோ முதுகுவலிக்கோ ஒருமுறை எழுதிய சீட்டு, வலி நீங்கிய பின்னும் நீங்காமல், ஒருவரை வாழ்நாள் அடிமையாக்க வல்லதாயிற்று. இக்கேட்டை வைத்தியர்கள் பலமுறை எடுத்துரைத்தும், சட்டம் வரத் தாமதமாயிற்று. 1868 ஆம் ஆண்டுச் சட்டம் அபினை யார் விற்கலாமென வரையறுத்ததேயன்றி, சீட்டின் ஆயுளை வரையறுக்கவில்லை. 1920 இல் வந்த அபாயகர மருந்துச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளுமே, வைத்தியர் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி அத்தகைய மருந்தை ஒரே சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுத்தலாகாது என்று விதித்தன.

இதற்கிடையே தொலைபேசி வந்தது. அது பிறந்து மூன்றே ஆண்டுகளின்பின், 1879 இல், 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் ஒரு செய்தி வெளியாயிற்று. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு இருமல். தாய்க்குக் கொடிய தொண்டை நோயோ என்று அச்சம். வைத்தியர் குழந்தையைத் தொலைபேசியருகே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, இருமலைக் கேட்டு, அஞ்சவேண்டியதில்லை என்று சொல்லி உறங்கப் போனார். இவ்வாறு வைத்தியரின் காது வீட்டுக்குள் வந்தது. வைத்தியரின் குரல் மருந்துக்கடைக்குள்ளும் வந்துவிட்டது. ஆயினும் அக்குரலுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1951 ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தெளிவாக்கிற்று. அதனைக் கொண்டுவந்த டர்ஹம், ஹம்பிறி ஆகிய இருவரும் அரசியலுக்கு வருமுன் மருந்துக்கடையில் நின்றவர்கள். ஆகவே கடைக்காரரின் இடர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள் எவையென அச்சட்டம் வரையறுத்தது. அம்மருந்துகளை மீண்டும் கொடுக்க வைத்தியரின் அனுமதி வேண்டுமென்றது. அவ்வனுமதி தொலைபேசியில் வாய்ச்சொல்லாக வரலாம். ஆனால் கடைக்காரர் அதனை உடனே எழுத்திற் பதிந்து வைக்கவேண்டும் என்றது. கல்லனின் பிரதி மீண்டும் வந்துவிட்டது. இம்முறை சட்டத்தின் கட்டளையாக.

தொலைபேசிக் கம்பியும் மருந்துக்கடையும் இல்லாத நாடுகளின் நிலை என்ன? இதற்கு அவுஸ்திரேலியாவின் உட்பகுதியைப் போல் நல்ல விடை தந்த இடம் வேறில்லை. அங்கே ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நூறு மைல் இருப்பதுண்டு. யோன் பிளின் என்னும் கிறித்தவ போதகரின் முயற்சியால், 1928 மே மாதத்தில் குயின்ஸ்லாந்திலுள்ள கிளன்கரி என்னும் ஊரிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கிற்று. விமானம் கிடைத்தது, அதனை அழைப்பது எப்படி? அடிலெயிட் நகரத்து அல்பிரெட் திறேகர் என்பவர், சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால் மின்சாரம் பிறக்கும் வானொலிக் கருவியொன்றை அமைத்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்குச் சென்றது. முதலில் தந்திக் குறிகளே. பின்னர் மனிதக் குரல்.

வானொலியில் வைத்தியர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால், இரைச்சலினிடையே அது வேறு பெயராகக் கேட்கலாம். பண்ணை வீட்டில் அம்மருந்து இல்லாமலும் இருக்கலாம். இவ்விரண்டு இடர்களையும் 1942 இல் வந்த மருந்துப் பெட்டி ஒருங்கே நீக்கியது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரே வகைப் பெட்டி. அதனுள் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். மனித உடலின் படமொன்றும் இலக்கமிட்ட பகுதிகளாகப் பிரித்து வழங்கப்பட்டது. வலி எத்தனையாம் இலக்கத்தில் என்று தாய் சொல்வாள். எத்தனையாம் இலக்க மருந்தில் எத்தனை வில்லை என்று வைத்தியர் சொல்வார். ஒன்பதாம் மருந்து தீர்ந்துபோனதால் நான்கிலொன்றும் ஐந்திலொன்றும் கொடுத்த ஒருவரின் கதையை அங்கே வேடிக்கையாகச் சொல்வர். அது நடந்ததோ இல்லையோ, எண்ணை அறிதல் மருந்தை அறிதலாகாது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர். அப்பெட்டிகள் இன்றும் வழக்கிலுள்ளன. அவற்றைத் திறக்க ஒரு குரல் வேண்டும். அக்குரல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, புதிதாகவே விடை சொல்லும். பழைய சீட்டுக்கு அங்கே வேலையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்களின் தன்மையும் மாறியது. காய்ச்சல்போல் வந்து போகும் நோய்களைவிட, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, தொய்வு போன்று வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் நோய்கள் பெருகின. அவற்றிற்கு மருந்தும் வாழ்நாள் முழுதும் வேண்டும். மாதந்தோறும் வைத்தியரைக் காணவேண்டுமென்றால் வைத்தியருக்கும் நேரமில்லை, நோயாளிக்கும் நேரமில்லை. ஆகவே ஒருமுறை எழுதியதைப் பலமுறை வழங்கும் முறை எங்கும் பரவியது. பிரித்தானியாவில் 2005 முதல் சீட்டே மின் வழியாகக் கடைக்குச் செல்லலாயிற்று. வசதி பெரிது, அதனை மறுப்பவர் இலர். ஆனால் தொடரும் மருந்தெல்லாம் ஒரே தன்மையதன்று. குருதி உறையாமல் தடுக்கும் வோர்பரினை உண்பவருக்குக் காலந்தோறும் குருதிப் பரிசோதனை வேண்டும்; அப்பரிசோதனை இன்றி மருந்து மட்டும் தொடர்ந்தால், காக்க வந்த மருந்தே குருதிப் போக்குக்குக் காரணமாகலாம்.

இதற்குத் துயரமான சான்றொன்று 2014 இல் வெளிவந்தது. தொய்வினால் இறந்தவர்களைப் பற்றி இலண்டன் அரச வைத்தியர் கல்லூரி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மூச்சிறைப்பை உடனே தணிக்கும் உள்ளிழுப்புக் குழலைப் பயன்படுத்தியவருள், ஓராண்டில் எத்தனை குழல் பெற்றனர் என்பது தெரிந்தோர் 165 பேர். அவர்களுள் 65 பேருக்கு, இறப்புக்கு முந்திய ஓராண்டிற் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குழல்கள் எழுதப்பட்டிருந்தன. நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு இத்தனை குழல் தேவைப்படாது. மீண்டும் மீண்டும் வந்த அக்கோரிக்கையே நோய் முற்றுகிறது என்னும் அறிவிப்பு. சீட்டு ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வழங்கப்பட்டது. அதனை எண்ணிப் பார்த்தவர்தாம் இல்லை.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் வேறொரு தீங்கு நேர்ந்தது. 2001 இற் கலிபோர்னியாவில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், நேரிற் காணாத வைத்தியரொருவர் எழுதிய வலிநீக்கி மருந்தை இணைய வழி வாங்கி உண்டு இறந்தான். அதன் விளைவாக 2008 இல் ஒரு சட்டம் பிறந்தது. அடிமைப்படுத்தும் மருந்துகளை இணைய வழியாக எழுதுமுன் வைத்தியர் நோயாளியை ஒருமுறையேனும் நேரிற் கண்டிருக்க வேண்டும் என்று அது பொதுவிதியாக்கிற்று.

பின்னர் 2020 வந்தது. கொரோனாத் தொற்றினால் உலகின் வாயில்கள் அடைபட்டன. அமெரிக்கா மேற்கூறிய விதியைத் தளர்த்தியது. இந்தியா 2020 மார்ச் 25 ஆந் திகதி தொலை வைத்திய வழிகாட்டல்களை வெளியிட்டது. அவற்றில் மருந்துகள் வகைப்படுத்தப்பட்டிருக்கும் முறை கவனிக்கத்தக்கது. எந்த வழியிலும் எழுதத்தக்கவை ஒரு வகை. முகம் காணும் முதல் உரையாடலில் எழுதத்தக்கவையும், முன்பே தொடங்கியதை மீண்டும் வழங்கத்தக்கவையும் ஒரு வகை. நேரிற் பார்த்த நோயாளி தொடர்ந்து வரும்போது மட்டும் சேர்க்கத்தக்கவை ஒரு வகை. எவ்வாற்றானும் எழுதத்தகாதவை இறுதி வகை. மோர்பின் சீட்டுகள் கடைகடையாய் அலைந்த காலத்திலேயே இத்தகைய பாகுபாடு இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

இலங்கையில் 2020 மார்ச் 20 ஆந் திகதி ஊரடங்கு தொடங்கியபோது, அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளில் மாதந்தோறும் வரிசையில் நின்று மருந்து பெற்ற நீரிழிவு நோயாளரும் இதய நோயாளரும் வீட்டைவிட்டு வெளியேற முடியாதவராயினர். கிளினிக் பதிவுகளைக் கொண்டு மருந்துகள் பொதிசெய்யப்பட்டு, தபாற் திணைக்களத்தின் வழியாக அவர்களுடைய வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. பொதிகள் வீடு சேர்ந்தன. குருதியமுக்கத்தை அளப்பதும் குருதியிற் சீனியைப் பரிசோதிப்பதும் கிளினிக் கதவுகள் மீண்டும் திறக்கும்வரை காத்திருந்தன.