துணைநிரல் விளக்கம் முதல் இணையச் சேவை ஆவணம் வரை: ஏபிஐ ஆவணமாக்கத்தின் வரலாறு

முன்னுரை

ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளின் சேவையைப் பெறுவதற்கு வகுக்கப்பட்ட நெறியே ஏபிஐ எனப்படும் பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம் ஆகும். அதனைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் அதனை உருவாக்கியோரை அறியார். உள்ளிருக்கும் நிரலையும் காணார். இவ்விரு தரப்பினரையும் இணைப்பது ஆவணமே. அவ்வாவணம் எவற்றைக் கூற வேண்டும் என்னும் கருத்து வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

துணைநிரல் நூலகம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி 1949இல் இயங்கத் தொடங்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்கீடுகளுக்கான துணைநிரல்கள் துளையிட்ட தாள்நாடாக்களில் நூலகமாகப் பேணப்பட்டன. வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் 1951இல் வெளியிட்ட நூலில் அத்துணைநிரல்களின் விவரக்குறிப்புகளும் இடம்பெற்றன. துணைநிரலை எழுதிச் சோதித்த பின்னரும், அதன் உள்ளமைப்பை அறியாதவரும் எளிதில் பயன்படுத்துமாறு விளக்கி எழுதும் பணி எஞ்சியிருக்கும் என்றும், அதுவே மிகக் கடினமானதாக அமையலாம் என்றும் வீலர் 1952இல் சுட்டினார்.

யூனிக்ஸ் கையேடு

பெல் ஆய்வகத்தில் தாம்சனும் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பரில் வெளிவந்தது. பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், பிழையறிவிப்பு என ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில் அமைந்தது. அறியப்பட்ட குறைகளைக் கூறவும் தனித்தலைப்பு இருந்தது. குறையை வெளிப்படக் கூறுதலும் தெளிவின் ஒரு கூறு என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

பொறி படிக்கும் விவரிப்பு

இணையச் சேவைகள் பெருகியபோது பொறியே படிக்கத்தக்க விவரிப்பு தேவைப்பட்டது. டபிள்யூஎஸ்டிஎல் என்னும் விவரிப்பு மொழியின் 1.1ஆம் பதிப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் குறிப்பாக வெளியிட்டது. 2011இல் தோன்றிய ஸ்வாகர், 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அமைந்த கூட்டுமுயற்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, ஓப்பன் ஏபிஐ விவரக்குறிப்பு எனப் பெயர் பெற்றது. இத்தகைய விவரிப்பிலிருந்து மேற்கோள் பக்கங்களைக் கருவிகளே உருவாக்குகின்றன.

ஆயினும், புலங்களின் பெயரும் தரவுவகையும் மட்டும் பயன்படுத்துவோருக்குப் போதா. பணம் செலுத்தும் வேண்டுகோளை அனுப்பியவருக்கு மறுமொழி வராதபோது அதனைத் திரும்ப அனுப்பலாமா? எச்டிடிபி நெறிமுறையின்படி 'புட்' வேண்டுகோளை எத்தனை முறை அனுப்பினும் நோக்கப்படும் விளைவு ஒன்றே. 'போஸ்ட்' வேண்டுகோளுக்கு அவ்வுறுதி இல்லை. திரும்ப அனுப்புதல் பற்றி ஆவணம் கூறாது விட்டால், ஒரே தொகை இருமுறை செலுத்தப்படக்கூடும். ஓப்பன் ஏபிஐ வடிவில் விளக்கத்திற்கும் இடமுண்டு. எனினும் அவ்விடத்தைக் கருவி தானே நிரப்பாது. உரையில்லாத நூற்பாவைப் போல வடிவம் மட்டும் எஞ்சுகிறது.

முடிவுரை

வடிவத்தைக் கூறும் பணி பெரிதும் பொறியின்பாற் சென்றுள்ளது. பயன்படுத்தும் சூழல், பிழை நேரும்போது செய்ய வேண்டியது, சேவையின் எல்லை ஆகியவற்றைக் கூறும் பொறுப்பு எழுதுவோரிடமே உள்ளது. வீலர் சுட்டிய கடினப் பணி இதுவே. எனவே ஏபிஐ ஆவணத்தின் தெளிவை, அது பட்டியலிடும் புலங்களின் நிறைவைக் கொண்டன்றி, உள்ளமைப்பை அறியாதவர் பிழையின்றிச் செயற்பட அது துணைநிற்கும் அளவைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.