வாரிசு தேடிய எலிஹு யேல் துரை

நம்ம பெருங்கடவிளை, பாறசாலை வட்டாரத்து நாயர் தறவாடுகளில் பிள்ளையில்லாத காரணவருக்கு வாரிசுக் கவலை கிடையாது. சகோதரி மகன் இருப்பான். 1925-ஆம் வருட நாயர் சட்டம் பாகம் வைக்க வழி திறக்கும்வரை இதுவே நடப்பு. இங்கிலீஷ் துரைமாருக்கு அப்படியில்லை. சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராயிருந்த எலிஹு யேலின் கதை இதற்குச் சாட்சி.

சொந்த வியாபாரத்திலும் வைரத்திலும் பெரும்பொருள் சேர்த்தவர். அவர் காலத்தில் அடிமைகளும் கப்பலேறினார்கள் என்பதை மறைக்கலாகாது. மனைவி பெற்ற ஒரே மகன் டேவிட் 1688-ல் சென்னையிலேயே குழந்தையாக இறந்தான். பெண்மக்கள் மூவர் இருந்தும் துரைக்குக் குலப்பெயர் நிற்கவேணும். வேல்ஸில் பிளாஸ் குரோனோ பண்ணையும் இருக்கிறதே! அமெரிக்காவிலே கனெக்டிகட்டிலிருந்து ஒரு பங்காளி வீட்டுப் பையனை வரவழைத்தார். அது நிலைக்கவில்லை.

இதையறிந்த அவ்வூர்க் கல்லூரிக்காரர் மெல்ல அணுகினர். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் பிள்ளைகளைவிட நிலைக்கும் என்ற பொருளில் காட்டன் மேத்தர் என்ற பாதிரியார் 1718-ல் எழுதினார். வியாபாரப் புத்தி பாருங்கள்! யேல் அனுப்பியது 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னர் படம். சரக்கு விற்ற வகையில் 562 பவுன். அதில் காலிகோத் துணியும் உண்டு. அந்தப் பெயரே நம்ம கோழிக்கோடு தந்ததுதான்.

1721-ல் முறையான உயில் இல்லாமலே இறந்தார். சொத்து பெண்மக்கள் வழிக்கே போயிற்று. ஆன் காவெண்டிஷ் குடும்பத்திலும் கேத்தரின் நார்த் குடும்பத்திலும் வாழ்க்கைப்பட்டவர்கள்.