பெயரேட்டில் இல்லாதவர்கள்

சிரம்பானிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் திரோயைக் கடந்தால் வருவது லாபு. இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன்னரே பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்ட நிர்வாகம், பிற்பாடு ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாலையும் அளந்து எழுதியது. ஒருநாள் வேலைக்கு வராதவனுடைய பெயரும் அந்த ஏட்டின் கண்ணுக்குத் தப்பியதில்லை. அத்தகைய தோட்டங்களிலிருந்துதான், யுத்த காலத்தில், ஆயிரமாயிரம் பேர் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் மறைந்துபோனார்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், ரப்பரை வாங்குவாரில்லை, அரிசிக் கப்பல் வரவில்லை, மரவள்ளிக்கிழங்கே ஆகாரமாயிற்று. பட்டினியால் தளர்ந்திருந்த தோட்டக் குடியிருப்புகளான லயங்களுக்குள் ஜப்பானியரின் ஆள் சேர்ப்பு நுழைந்தது. சிலரை நல்ல சம்பளமென்று ஆசை காட்டியும், பலரைப் பலவந்தமாகவும் சரக்கு வண்டிகளில் ஏற்றினார்கள். தாய்லாந்தையும் (சயாம்) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டிப் போடப்பட்ட ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து சென்றவர்கள் 75,000 பேருக்கு மேல் என்பது கணிப்பு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தபோது, காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையானவர்கள் வழிநெடுகக் காட்டுமண்ணில் கிடந்தார்கள்.

அதே 1943-இல் மற்றொரு பாதையும் திறந்தது. ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு, பால்வாளியும் உளியும் பிடித்த கரங்கள் துப்பாக்கி ஏந்தின. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், பிறந்தது முதல் தோட்டத்தைத் தவிர வேறு தேசம் காணாத பெண்களும் சேர்ந்து, தாங்கள் கண்ணால் காணாத பாரதத்தின் விடுதலைக்காகப் பயிற்சி பெற்றார்கள். கூலி என்றே அழைக்கப்பட்டு வந்தவர்களைச் சிப்பாய் என்று அழைத்தது போஸின் படை. அந்த மரியாதையின் அருமையை, யுத்தம் முடிந்து மறுபடியும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றவர்களே அறிவார்கள்.

தாய்லாந்தில், காஞ்சனபுரியின் யுத்த மயானத்தில், அந்த ரயில் பாதையில் உழைத்து மடிந்த ஏறத்தாழ 7,000 நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ராணுவப் பதிவேடு இருந்ததால் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லில் பெயர் கிடைத்தது. நம்மவருக்கோ பதிவேடுமில்லை, பெயர் பொறித்த கல்லுமில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியின்றி, வருவார் வருவாரென்று வாசல் பார்த்துக் காத்திருந்து, கடைசியில் மகாளய அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து மனத்தைத் தேற்றிக்கொண்ட குடும்பங்களின் துயரத்தை எந்தச் சரித்திரப் புத்தகம் முழுமையாகச் சொல்லும்?

ஆகவே, வாசகர்களே, உங்கள் வீட்டில் ஜப்பான் காலத்தைக் கண்டவர் ஒருவர் இன்னும் இருந்தால், இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். சயாமுக்குப் போன பெரியப்பாவின் பெயர், அவரை ஏற்றிய ஸ்டேஷன், பட்டாளத்தில் சேர்ந்த அத்தை திரும்பி வந்த வருஷம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். தோட்டத் துரைமார் எழுதிய ஏடு கூலிக்காக எழுதப்பட்டது; நீங்கள் எழுதும் ஏடு அன்புக்காக எழுதப்படுவது.

(தொடரும்)