புனித தேவசகாயமும் வடக்கன்குளத்துச் சுவரும்



நம் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனால், வீட்டுப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். விலை பேசிக்கொண்டிருக்கும்போதே சரிகையின் நுனியைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பார்கள். அசல் சரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும். அந்த நூலின்மேல் வெள்ளிக் கம்பி, வெள்ளியின்மேல் தங்க முலாம். போலிச் சரிகை என்றால் செம்பு பல்லைக் காட்டிவிடும். கடை விளக்கின் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். உரசினால்தான் வித்தியாசம் தெரியும்.

நம்முடைய விசுவாசத்தையும் உரசிப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் நாம் எல்லோரும் மின்னுகிறோம். ஆனால் நம் பக்கத்தில் யார் உட்காருகிறார், நம் வீட்டில் யார் சாப்பிடுகிறார், நம் பிள்ளை யாரை மணக்கிறது என்ற கேள்விகள் வரும்போதுதான் உள்ளே இருப்பது வெள்ளியா செம்பா என்று தெரிகிறது. திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கை கொடுத்து, கந்தை கட்டிய ஏழையை ஓரமாக நிற்கச் சொன்னால், உங்கள் விசுவாசம் எப்படிப்பட்டது என்று அவர் நம்மை நேராகவே கேட்கிறார்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நம் தமிழகத் திருச்சபையின் வரலாற்றிலிருந்து ஒரு மனிதரையும் ஓர் ஆலயத்தையும் இன்று பார்ப்போம்.

அந்த மனிதர் புனித தேவசகாயம். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் வசதியான ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலராக இருந்தார். மனைவி பெயர் பார்கவி. மதிப்பு, பதவி, சொத்து எல்லாம் இருந்த வாழ்க்கை.

1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட தளபதி டிலனாய் ஒரு கத்தோலிக்கர். மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அந்த டிலனாயும் நீலகண்டனும் நண்பர்கள் ஆனார்கள். நீலகண்டனின் குடும்பத்தில் அப்போது இழப்புக்குமேல் இழப்பு. மனம் சோர்ந்திருந்த நண்பரிடம் டிலனாய், பழைய ஏற்பாட்டு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் போன பிறகும் கடவுளை விடாத ஒரு மனிதரின் கதை நீலகண்டனின் மனதில் வேர்விட்டது.

திருமுழுக்குப் பெற அவர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள வடக்கன்குளத்துக்குப் போனார். 1745 மே 14 அன்று, இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இலாசர் என்ற பெயருக்குத் தமிழில் தேவசகாயம். அப்போது அவருக்கு வயது 33. மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று, ஞானப்பூ என்ற பெயரைப் பெற்றார்.

சகோதர சகோதரிகளே, இதுவரை கேட்டது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் அவர் ஏன் சிறைப்பட்டார் என்பதை நாம் அடிக்கடி வேகமாகக் கடந்துவிடுகிறோம். மதம் மாறினார், ஆகவே கொன்றார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். திருச்சபை வெளியிட்ட அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அதைவிட ஒரு படி மேலே போகிறது. சாதி வேறுபாடு இருந்தாலும் மனிதர் எல்லோரும் சமம் என்பதை அவர் தம் போதனையில் வற்புறுத்தினார், அதுதான் மேல்தட்டு மக்களின் பகையை மூட்டியது என்று அது சொல்லுகிறது. அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் அரசத் துரோகமும் உளவும்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு, வெளியே பழைய மதிப்போடு நடமாடியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். பதவியும் தங்கியிருக்கும். வீட்டுக்குள் ஒரு முகம், தெருவில் ஒரு முகம் என்று இரண்டை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பெற்ற திருமுழுக்கு உண்மை என்றால், அதே திருமுழுக்கைப் பெற்ற ஏழையும் தமக்குச் சகோதரன் என்று நம்பினார். நம்பியதை எல்லோரும் பார்க்க நடந்து காட்டினார்.

1749-இல் கைது. மூன்று ஆண்டுகள் சிறையும் அடியும் அவமானமும். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதை நம் முன்னோர் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். திருமுழுக்குப் பெறத் தாண்டிப் போன அதே கணவாய்ப் பக்கத்தில்தான் உயிரையும் கொடுத்தார். மக்கள் அவருடைய உடலின் மீதிகளைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

இனி அந்த ஆலயத்தின் கதைக்கு வருவோம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் புதிய ஆலயம் ஒன்று எழுந்தது. அதன் அமைப்பு உலகத்தில் வேறெங்கும் பார்க்க அரிது. ஒரே பீடம், ஆனால் அந்தப் பீடத்திலிருந்து கவட்டை போல இரண்டு கூடங்கள் பிரிந்து போகும். மேல்சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கிறிஸ்தவர்கள் ஒரு கூடத்தில், மற்றவர்கள் இன்னொரு கூடத்தில். இருவருக்கும் பீடம் தெரியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த அமைப்பைப் பார்த்துக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர் வந்துவிட்டது.

எல்லோரும் சமம் என்று சொன்னதற்காக உயிரைக் கொடுத்தவர் கிறிஸ்தவரான ஊரில், அவர் இறந்து 120 ஆண்டுகள் கழித்து, சமம் இல்லை என்று செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஓர் ஆலயம் கட்டினோம். 'கட்டினார்கள்' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அது நம் திருச்சபை. நாம்தான் கட்டினோம்.

இது ஒரே நாளில் வந்ததும் இல்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெறுவதற்கு முந்தைய ஆண்டுதான், 1744-இல், திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் பற்றிய பெரிய ஆணை மடலை வெளியிட்டார். அதிலிருந்த கேள்விகளில் ஒன்று, நோயில் கிடக்கும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரின் குடிசைக்குள் குருவானவர் நுழைந்து அருளடையாளம் கொடுக்க வேண்டுமா என்பது. நுழைந்தால் மற்ற சாதியினர் குருவைத் தள்ளி வைப்பார்கள் என்ற பயம். கடைசியில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனியாகக் குருக்களை அமர்த்துவது என்று வழி கண்டார்கள். குருமடத்தில் நாங்கள் இதைத் திருச்சபை வரலாற்றுப் பாடமாகப் படித்தோம், தேர்வு எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். ஒரு நோயாளியின் வாசற்படியில் குருவானவர் தயங்கி நின்றார் என்ற உண்மை மட்டும் எங்கள் நெஞ்சைச் சுடவில்லை.

வடக்கன்குளத்துக்கு மீண்டும் வருவோம். பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகளாரின் காலத்தில், 1910-இல், அந்தப் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே எல்லோரும் கைகோத்துக்கொண்டார்களா? இல்லை. தனியாக உட்காருவது எங்கள் உரிமை என்று ஒரு பிரிவினர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அங்கும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. சக கிறிஸ்தவனின் பக்கத்தில் உட்காராமல் இருக்க, கிறிஸ்தவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள் என்பது நம் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரைத் தொடத் துணிந்த ஒரு பங்குத்தந்தை இருந்தார் என்பதும் அதே வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பிறகும் திருச்சபை பேசாமல் இருக்கவில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பதன் சாயல் இருந்தாலே அது நற்செய்திப் பணிக்குப் பெரிய தடை என்று அவர்களிடம் சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தன் கொள்கை ஏட்டை வெளியிட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரோடு சாதிப் பெயரும் சேர்ந்தே வந்தது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்த ஒட்டு இல்லை. வெறும் தேவசகாயம். கணவாயைத் தாண்டிப்போய் அவர் வாங்கி வந்த பெயர் அதுதானே!

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். சுவர் இடிந்துவிட்டது, புனிதர் பட்டமும் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் எங்களுடைய குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாத் தேர் ஒரு தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். அந்தத் தெருவுக்குள் போகாது. தெருவாசலில் ஒரு பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேர் திரும்பியது. அவர் அங்கிருந்தே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். "பழைய வழக்கம் சாமி, நீங்க புதுசு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். திருவிழா நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டும் அப்படியே விட்டுவிட்டோம். அந்தச் சுவரில் செங்கல் இல்லை. எங்கள் மௌனம்தான் இருந்தது. தேவசகாயத்தின் திருநாள் மறையுரையில் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த மெழுகுவர்த்தி எங்கள் கண்முன் நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தவருக்குரிய உரிமைகள் கிடைக்கவில்லை. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அது கிடைத்தது. நமக்கும் வேண்டும் என்று நாம் ஊர்வலம் போகிறோம், மனுக் கொடுக்கிறோம். அது நியாயமான கோரிக்கை, தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் அரசிடம் சமநீதி கேட்கும் நம்மிடையே, கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பக்கம் வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. வரன் தேடும் விளம்பரத்தில் ஆர்.சி. என்று எழுதிவிட்டு அதன் பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோம். வேலைக்கு வரும் அம்மாவுக்கு வேறு டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு, மாலையில் குடும்ப ஜெபத்துக்கு உட்காருகிறோம். உரசினால் தெரிவது எது?

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களை நாம் எடுத்துக்கொள்வோம். முதலாவது, வரும் ஞாயிறு வழக்கமான இடத்தை விட்டு, இதுவரை நாம் பக்கத்தில் உட்காராத ஒரு குடும்பத்தின் பக்கத்தில் உட்காருவோம். சமாதான வாழ்த்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வோம். இரண்டாவது, அன்பியக் கூட்டம் இதுவரை நடக்காத ஒரு வீட்டில் கூட்டத்தை வைப்போம். அவர்கள் கொடுப்பதை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவோம். மூன்றாவது, வீட்டில் பிள்ளைகள் காதுபட நாம் சொல்லும் சாதிப் பேச்சை நிறுத்துவோம். சுவர் முதலில் எழும்புவது அங்கேதான்.

இவை சின்னக் காரியங்கள். யாரும் நம்மைச் சுட்டுவிடப் போவதில்லை. சில உறவினர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். அந்த முகச்சுளிப்பைக்கூடத் தாங்க முடியாத நாம், காற்றாடிமலையின் புனிதரிடம் எதைக் கேட்டு வேண்டிக்கொள்ளப் போகிறோம்?

மன்றாடுவோம். ஆண்டவரே, ஒரே அப்பத்தை எங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தவர் நீர். நாங்கள் எழுப்பிய சுவர்களையும், எங்கள் மௌனத்தையும் மன்னியும். புனித தேவசகாயத்துக்குக் கொடுத்த நேர்மையில் ஒரு பங்கை எங்களுக்கும் தாரும். ஆலயத்தில் நாங்கள் சொல்லும் ஆமென் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் உண்மையாக இருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.