தோட்டத்துக் கடையும் இணையக் கடையும்

கடை என்னும் சொல்லுக்கு இறுதி, வாயில், அங்காடி எனப் பல பொருள்கள் உண்டு. மலாயாவின் தோட்டப்புறத் தமிழரிடையே அச்சொல் கணக்கையும் நினைவூட்டிற்று. நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் செமினிக்கும் இடையே உள்ள மந்தின் வட்டாரம் ஈயத்தாலும் இரப்பராலும் வளர்ந்தது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர், பிற தோட்டத்தாரைப் போலவே, அரிசியும் பருப்பும் மிளகாயும் பற்றெழுதி வாங்கினர்; சம்பள நாளில் கணக்குத் தீர்த்தனர். பேரேடு கடைக்காரரிடம் இருந்தது. அதில் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் எழுத்தறிவு பலரிடம் இல்லை. ஆகவே, ஏடு யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதே கணக்காயிற்று.

இக்குறைக்கு மருந்தாக எழுந்தது கூட்டுறவு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1922-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டபின், தோட்டங்களில் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. நாடு விடுதலை பெற்றபின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை வந்தது. அந்நிலையில், 1960-ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. தனியொருவரால் வாங்க இயலாததைப் பலர் கூடி உடைமையாக்கலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது.

இதே உண்மை இந்நூற்றாண்டில் வேறொரு துறையிலும் விளங்கிற்று. அத்துறை கணினி மென்பொருள். குறிப்பாக, இணையத்தில் கடை நடத்த உதவும் திறந்த மூல மென்பொருள்.

மூலநிரலும் ஏட்டுச் சுவடியும்

கணினிக்கு இடும் கட்டளைகளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதி வைப்பது மூலநிரல். அதனை மறைத்து வைத்துப் பயனை மட்டும் விற்பது ஒரு முறை. யாவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் விடுவது மற்றொரு முறை. இரண்டாம் முறைக்கு 1983-இல் அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் இயக்கம் கண்டார். 1989-இல் வெளிவந்த பொது உரிம ஆவணம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. 'திறந்த மூலம்' என்னும் பெயர் 1998-இல் வழக்கிற்கு வந்தது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ஏட்டுச் சுவடிகள் பல படிகளாகப் பரவியிருந்தமையால்தான் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. ஒருவரே பூட்டி வைத்த ஏடு, அவரோடு அழியும். பலர் படியெடுத்த ஏடு நிலைக்கும்.

கடை மென்பொருளின் வழிமுறை

2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், செருமனியில் ஹரால்ட் பொன்சே தெ லியோன் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அது கடைக்கென்றே எழுந்தது. கட்டுரையும் செய்தியும் படமும் வெளியிடும் உள்ளடக்க மேலாண்மை முறைகளோ வேறாக வளர்ந்தன. ஒரே தளத்தில் செய்தியும் சொல்லிப் பொருளும் விற்க விரும்பியோர் இரண்டனையும் இணைக்க முற்பட்டனர்.

ஆத்திரேலியாவின் மீரோ நிறுவனத்தில் பிறந்த மாம்போ என்னும் மேலாண்மை முறைக்கு, மாம்போ-பிஎச்பிஷாப் என்னும் கடைப்பகுதி அமைந்தது. 2005-இல், மாம்போவின் உரிமையை யார் ஆள்வது என்பது பற்றிப் பூசல் எழுந்தது. நிரல் எழுதியவர்கள் நிறுவனத்தை விட்டுப் பிரிந்தனர். மூலநிரல் பொது உரிமத்தின் கீழ் இருந்தமையால் அதனையும் உடன்கொண்டு சென்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜூம்லா வெளிவந்தது. கடைப்பகுதியும் வர்ச்சூமார்ட் எனப் பெயர் மாறி அவர்களோடு நடந்தது. அம்மென்பொருளால் கடை நடத்தியவர்கள் தம் கடையை இழக்கவில்லை.

ஜூம்லா என்னும் பெயர் சுவாகிலி மொழியில் 'அனைவரும் சேர்ந்து' என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. அதன் வேர் அரபு. மலேசியக் கடைகளின் பற்றுச்சீட்டில் மொத்தத் தொகையைக் குறிக்கும் 'ஜும்லா' என்னும் மலாய்ச் சொல்லும் அவ்வேரினின்றே கிளைத்தது.

2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் முறைக்கு 2011-இல் வூகாமர்ஸ் கிடைத்தது. அதுவும் ஜிகோஷாப் என்னும் முந்தைய மென்பொருளினின்று கவைத்துப் பிரிந்ததே. துரூபலுக்கும் இத்தகைய கடைப்பகுதிகள் உண்டாயின.

தமிழ் நுழைந்த வரலாறு

மென்பொருள் திறந்திருந்தும் தமிழ் எளிதில் நுழையவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சலைப் படைத்தார். 1991-இல் யூனிகோடு தமிழுக்கு இடமளித்தது. எனினும், ஜூம்லாவின் முதற்பதிப்புகள் மேலை ஐரோப்பிய எழுத்துமுறையையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 2008 சனவரியில் வந்த 1.5 பதிப்பே யூனிகோட்டின் யூடிஎப்-8 முறையை முழுமையாக ஏற்றது. அதன்பின் பொருளின் பெயரையும் விளக்கத்தையும் தமிழில் எழுதிச் சிதையாமற் காட்டுவது எளிதாயிற்று.

திரையில் தோன்றும் சொற்கள் நிரலினின்று பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கப்படுவன. ஆகவே, நிரல் அறியாத தமிழாசிரியரும் அவற்றை மொழிபெயர்க்கலாம். வாங்குவோன் பொருளைச் சேர்ப்பது வண்டியிலா, கூடையிலா? விலையைக் குறிப்பது ரிங்கிட்டா, வெள்ளியா? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் உரிமை திறந்த மூலத்தில் பயன்படுத்துவோர்க்கே உண்டு.

இன்றைய நிலை

மலேசிய அரசு 2004-ஆம் ஆண்டு பொதுத்துறைக்கெனத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் வகுத்தது. 2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, சிறு வணிகர் பலர் இணையத்தை நாடினர். பெரும்பாலோர் நுழைந்தது பெருநிறுவனங்களின் இணையச் சந்தைகளில். அங்கே கூட்டம் மிகுதி, தொடங்குதலும் எளிது. ஆனால் தரகும் விதியும் சந்தையாருடையவை. வாங்கியவர் யார், மீண்டும் எப்போது வாங்குவார் என்னும் கணக்கும் அவர்கள் ஏட்டிலேயே தங்கும். கடையை மூடு என்று அவர்கள் சொன்னால் மூட வேண்டியதே.

திறந்த மூலக் கடையில் பொருட்பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் வணிகரின் தரவுத்தளத்தில் இருக்கும். பணம் பெறுதற்கு எஃப்.பி.எக்ஸ். போன்ற வங்கி வழிகளை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் விலையில்லாதது வேறு, செலவில்லாதது வேறு. இணையப் பெயருக்கும் வழங்கியின் இடத்திற்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். புதுப்பிப்புகளை உடனுக்குடன் ஏற்றாத கடையில் திருடர் புகுவர். இவற்றை வீட்டிலிருந்து முறுக்கும் மசாலையும் விற்கும் ஒருவர் தனியே சுமப்பது அரிது. ஒரு வட்டாரத்தார் பலர் கூடி ஒரு வழங்கியையும் நிரல் அறிந்த ஒருவரையும் அமர்த்திக்கொண்டால் சுமை குறையும். கூட்டுறவு காட்டிய வழியும் இதுவே.

மந்தின் வட்டாரத் தோட்டங்களில் அன்று எழுத்தறிவின்மையால் பேரேடு பிறர் கையில் இருந்தது. இன்று அவர்தம் பேரர் எழுத்தறிந்தவர். நிரலறிவும் பெறத் தக்கவர். எழுதக் கற்பித்த தமிழ்ப்பள்ளி, கணக்கேட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழியையும் கற்பிக்குமாயின், கல்வியின் பயன் கடை வரை சேரும்.