சரத் காலமும் கூதிர் காலமும்: மூலிகை வைத்தியத்தின் பருவக் கணக்கு

வேதகால மக்கள் மனித ஆயுளைச் சரத் காலங்களால் எண்ணினார்கள். நூறு சரத் காலம் வாழும் வரம் கேட்கும் பிரார்த்தனை இன்றும் வைதிகச் சடங்குகளில் ஒலிக்கிறது. அதே வடமொழியில் வைத்தியர்களைச் சற்றுக் கேலி செய்யும் வழக்கொன்றும் உண்டு. வைத்தியர்களுக்குத் தாய் சரத் காலம், தந்தை வசந்த காலம் என்பது அதன் கருத்து. நோயாளிகளை அனுப்பி வைத்து அவர்களைப் பெற்றோரைப் போன்று போஷிப்பவை அவ்விரு பருவங்களுமே என்பதாகும்.

நீண்ட ஆயுளின் அளவுகோலாக இருந்த ஒரு பருவம் வைத்தியரின் வருமானத்துக்கும் வழியாக இருந்தது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. கங்கைச் சமவெளியின் பருவநிலையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அங்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை பொழிகிறது. மழை ஓய்ந்ததும் வானம் தெளிந்து வெயில் சுடத் தொடங்குகிறது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகுகிறது. மலேரியாக் காய்ச்சல் வட இந்தியாவில் காலங்காலமாக உச்சமடைந்து வந்தது மழைக்குப் பிந்திய இந்த மாதங்களில்தான். நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை முன்னோர் அறிந்திருக்கவில்லை. ஆனால், காய்ச்சல் எப்போது வரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் ஆறாவது அத்தியாயம் பருவ ஒழுக்கத்தைப் பற்றியது. மழைக்குளிருக்குப் பழகிய உடல் திடீரென்று சூரிய வெப்பத்துக்கு உள்ளாவதால் பித்தம் சீற்றமடைகிறது என்பது சரத் காலத்துக்கு அது கூறும் விளக்கம். எனவே இனிப்பும் கசப்பும் சேர்ந்த, குளிர்ச்சியான, எளிதில் செரிக்கும் உணவை அளவோடு உண்ணவேண்டும், கசப்பு மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய நெய்யை அருந்தவேண்டும், பேதிக்கு எடுக்கவேண்டும். வெயில், எண்ணெய், தயிர், பகலுறக்கம், கீழ்க்காற்று ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். பின்னர் வந்த அஷ்டாங்க ஹிருதயம் சாலி அரிசி, பாசிப்பயறு, நெல்லிக்காய், புடல், தேன் ஆகியவற்றை இப்பருவத்துக்கு உகந்தவையாகச் சேர்த்துக்கொள்கிறது. பகலில் வெயிலில் காய்ந்து, இரவில் நிலவொளியில் குளிர்ந்து, அகத்திய விண்மீனின் உதயத்தால் நஞ்சு நீங்கிய நீரே சரத் காலத்தில் பருகத்தக்கது என்றும் இந்நூல்கள் கூறுகின்றன.

அந்த நிலத்துக்கு இவை மிகவும் பொருத்தமான விதிகள். ஆனால், இந்தச் சரத் காலம் நமது நிலத்தில் இருக்கிறதா?

வடமொழியாளரின் சரத் காலத்துக்குரிய மாதங்கள் ஆஸ்வயுஜமும் கார்த்திகமும். அவையே தமிழில் ஐப்பசியும் கார்த்திகையுமாயின. மாதங்களின் பெயர் மாறவில்லை, வானம்தான் மாறிவிட்டது. தமிழர் இந்த இரு மாதங்களையும் கூதிர் காலம் என்றனர். தொல்காப்பியம் கூதிரைக் குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதாக வகுத்தது. நெடுநல்வாடையைப் படித்தவர்கள் அதிலுள்ள காலநிலையை மறந்திருக்கமாட்டார்கள். நனைந்த இடையர்கள் நெருப்பில் குளிர்காயும் காலம் அது. யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறுவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில்தான். கங்கைக் கரையில் மழை முடிந்து வெயில் எரிக்கும்போது, நமது ஊர்களில் மழை அப்போதுதான் தொடங்குகிறது. அகத்திய விண்மீனும் தெற்கே செல்லச்செல்ல முன்கூட்டியே உதயமாவது. வட இந்தியரின் கண்ணுக்கு அது தெரியுமுன்னர், சில வாரங்கள் முந்தியே நமது வானில் தோன்றிவிடுகிறது. கீழ்க்காற்றைத் தவிர்க்கச் சொல்கிறது நூல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்தில் எவரால் அதைத் தவிர்க்க இயலும்?

இந்த முரண்பாடு ஏட்டறிவில் பெரிதாகப் பேசப்படவில்லை. சித்த மருத்துவ நூல்களும் கூதிர் காலத்தைப் பித்தம் மிகும் காலமாகவே வகுத்தன. ஆனால், நமது வீடுகளின் அடுப்படி வேறு வழியில் சென்றது. மழை தொடங்கியதும் அங்கு கொதித்தவை கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் திப்பிலியும் ஆகும். வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் உடலுக்குச் சூடு தருவது. சரத் காலத்துக்குச் சரகர் விதித்த குளிர்ச்சிக்கு இது நேரெதிர். சளிக்கு ஆடாதோடையும் தூதுவளையும் மொசுமொசுக்கையும், காய்ச்சலுக்கு நிலவேம்பும் பற்படாகமும் சீந்திலும் பயன்பட்டன. சிங்கள மக்களிடம் 'பஸ்பங்குவ' என்ற ஐந்து சரக்குக் கஷாயம் இன்றும் பெருவழக்காக உள்ளது. கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்பன அதன் ஐந்து சரக்குகள்.

இதனை நூலறிவு இல்லாதவர்களின் பிழை என்று கருதுவது தவறாகும். நிலத்தை சாங்கலம், அனூபம், சாதாரணம் என மூவகையாகப் பிரித்து, அந்தந்த நிலத்துக்கு ஏற்ப வைத்தியம் செய்யவேண்டும் என்று கூறியவர்களும் ஆயுர்வேத ஆசிரியர்களே. நமது பரியாரிமார் இதனை அனுபவத்தால் பின்பற்றினார்கள். யாழ்ப்பாண அரசர்களின் பெயர் தாங்கிய பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இந்த மரபின் எழுத்துச் சான்றுகள். ஏடுகளில் கிடந்த அவற்றை ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை தேடி எடுத்து அச்சேற்றியிராவிட்டால் அவற்றிற் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

வைத்தியத் தமிழில் கஷாயத்துக்குக் குடிநீர் என்று பெயர். எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சு என்பது அதன் வழமையான விதி. எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகும் வரை கொதித்தால் அந்நீரில் எந்தக் கிருமி உயிர் பிழைக்கும்? யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் விரைவாகக் கீழிறங்கிக் கிணறுகளில் கலக்கிறது. மாரியில் வயிற்றோட்டம் பெருகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அத்தகைய ஊரில் கொத்தமல்லிக் குடிநீரின் முதற்பயன் கொத்தமல்லியை விடவும் கொதித்த நீரே என்பது எனது எண்ணம்.

பத்திரிகைத்துறையில் நான் பணியாற்றிய காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் நெருங்கும்போது பருவகால நோய்களும் மூலிகைகளும் என்ற பொருளில் கட்டுரைகள் ஆசிரிய பீடத்துக்கு வந்து சேரும். அவற்றிற் பல வட இந்திய நூல்களின் சரத் கால விதிகளை அப்படியே பெயர்த்து எழுதப்பட்டவை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வெயிலைத் தவிர்க்குமாறும் குளிர்ச்சியானவற்றை உண்ணுமாறும் அவை வாசகர்களுக்கு அறிவுரை கூறும். பழைய நூலொன்றில் இருக்கிறது என்பதே போதுமான சான்றாகக் கருதப்பட்டது. இந்த மனப்பான்மை ஒரு தீங்கற்ற பழக்கம் என்று நீண்டகாலம் நாம் கருதிவந்தோம். அது தீங்கற்றதல்ல என்பதற்கு இலங்கையின் வரலாற்றில், ஒரே மாவட்டத்தில், இரு நிகழ்வுகள் சான்றாக உள்ளன.

முதலாவது 1934ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. ஒக்டோபர் மாதமளவில் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. வரண்ட வலய மக்களிடம் இருந்த எதிர்ப்புச் சக்தி ஈரவலய மக்களிடம் இருக்கவில்லை. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மலேரியாவுக்கு அன்று இருந்த உறுதியான மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்பட்ட கொயினா ஆகும். கிராமங்களில் காலங்காலமாகக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டு வந்த கசப்புக் குடிநீர்களால் அந்தப் பேரழிவைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. ஆனால், கொயினாவும் தனித்து நின்று போதுமானதாக இருக்கவில்லை. மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்றோருடன் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், காய்ச்சலோடு பசியும் மக்களைக் கொன்றுகொண்டிருந்ததைக் கண்டனர். மருந்தோடு உணவும் கொடுத்தனர்.

இவ்விடத்தில் சரகரை மீண்டும் நினைவுகூர்வது பொருத்தமானது. நாடுகளையே அழிக்கும் கொள்ளைநோய்களுக்கென்று விமானஸ்தானத்தில் தனியான அத்தியாயம் ஒன்று உண்டு. காம்பில்ய நகரை அடுத்த கங்கைக் கரையில் உலாவியவாறு ஆத்திரேயர் தமது சீடர் அக்கினிவேசருக்குக் கூறுவதாக அது அமைந்துள்ளது. மனிதரின் உடல்வாகு வெவ்வேறாக இருக்க, ஒரே நோய் அனைவரையும் ஒரே காலத்தில் கொல்வது எவ்வாறு என்பது சீடரின் ஐயம். காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொதுவானவை, அவை கெடும்போது எல்லோரும் கெடுகின்றனர் என்பது குருவின் விடை. தனிமனிதனின் பருவ ஒழுக்கமும் கொள்ளைநோயும் வெவ்வேறு கணக்குகள் என்பதை அந்தப் பழைய நூலே பிரித்துக் காட்டியிருக்கிறது.

இரண்டாவது நிகழ்வு 2020 டிசம்பரில் இடம்பெற்றது. கொவிட் தொற்று நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த வேளையில், அதே கேகாலை மாவட்டத்தில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்று கொவிட்டைக் குணப்படுத்தும் என்று ஒருவர் அறிவித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் இடைவெளியின்றி வரிசையில் முண்டியடித்தனர். அரசியல்வாதிகள் ஊடகங்களின் முன்னால் அதை அருந்திக் காட்டினர். அவர்களில் ஒருவரான அன்றைய சுகாதார அமைச்சருக்கு 2021 ஜனவரியில் கொவிட் தொற்று உறுதிசெய்யப்பட்டது. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரியையும் 1961இல் ஆயுர்வேதச் சட்டத்தையும் கண்ட நாடு இது. மருந்தைப் பரிசோதித்து உறுதிசெய்வதற்கு நிறுவனங்கள் இருந்தும் கூட்டம் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை.

மூலிகையின் மீது இதனால் பழி சுமத்துவது நியாயமாகாது. கொயினாவே ஒரு மரப்பட்டைதான். நான்காம் நூற்றாண்டுச் சீன வைத்திய நூலொன்றின் குறிப்பைத் துணைக்கொண்டு, ஒருவகை மாசிப்பத்திரிச் செடியிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு, 2016 செப்டெம்பரில், மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பழைய நூல் வழிகாட்டியது உண்மை. ஆயினும், அது சொன்னதைச் சோதித்துப் பார்த்த பின்னரே மருந்து கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் 1873 வரை பணியாற்றி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் விரும்பியதும் தமிழில் அத்தகைய சோதித்தறியும் மரபொன்று வேரூன்ற வேண்டும் என்பதேயாகும்.

இன்று நமது மக்களுக்கு இன்னொரு பருவமும் சேர்ந்துள்ளது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்பவர்களுக்கு ஒக்டோபர் என்பது இலையுதிர் காலம். சரகர் கூறிய தெளிந்த வானும் சுடும் வெயிலும் அங்கில்லை, யாழ்ப்பாணத்து மாரியும் அங்கில்லை. பகல் குறுகிக் குளிர் ஏறும் அந்தக் காலத்தில் பித்தம் தணியப் பேதிக்கு எடுப்பது காம்பில்ய நகரத்தின் நாட்காட்டியை ரொறன்ரோவின் சுவரில் மாட்டுவதற்கு ஒப்பாகும். மிளகும் உள்ளியும் இட்ட இரசம், வேர்க்கொம்பு சேர்த்த மல்லித் தண்ணீர், கீரை, அளவான உணவு, போதிய உறக்கம் ஆகியவை அங்கும் உடலுக்கு இதமானவை. அவற்றைத் தாராளமாகத் தொடரலாம். இன்புளுவன்சாவுக்கான தடுப்பூசிக்கு அவை மாற்றாக மாட்டா.

பொதிகளில் அடைத்து விற்கப்படும் மருந்துகளில் மேலும் அவதானம் தேவை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகிய நச்சு உலோகங்களில் ஒன்றோ பலவோ இருந்ததை 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கொவிட் காலத்தில் சீந்திலை நாள்தோறும் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் அறிக்கையிட்டனர். இந்திய ஆயுஷ் அமைச்சு அதனை மறுத்தது. அந்த விவாதம் எவ்வாறு முடிந்தாலும், வேறு மாத்திரைகளை உட்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் தமது மருத்துவருக்குத் தெரிவிக்காமல் மூலிகை மருந்தெதனையும் தொடர்ந்து எடுக்கலாகாது.

நமது முன்னோர் விட்டுச்சென்ற பருவ வைத்தியத்தின் சாரம் ஒரு மூலிகைப் பட்டியலில் இல்லை. தாம் நிற்கும் நிலத்தையும் தலைக்கு மேலுள்ள வானத்தையும் பார்த்து உணவையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்ட அவதானத்தில் அது இருக்கிறது. வடமொழி நூலின் சரத் கால விதி கையிலிருந்தும், மழையைக் கண்டு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்ட யாழ்ப்பாணத்துத் தாய்மார் அந்த அவதானத்தையே கடைப்பிடித்தனர். புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் கையளிக்கவேண்டியதும் அதுவேயாகும்.