குரலும் ஓர் அமானிதம்

 



18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் சென்னையின் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலின் வாயில்களுள் ஒன்றே நமது யானைக்கவுனி. மதிலுக்காக விதிக்க எண்ணிய வரியின் பெயரை வால்டாக்ஸ் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. அச்சாலையில் ஒரு காலத்தில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. நாடகம் கூடுமா, கூடாதா என்பதன்று இன்று நம் பேச்சு. அக்கால மேடையில் நின்றவர்கள் தம் குரலை எவ்வாறு பேணினர் என்பதில் நமக்கொரு படிப்பினை உண்டு.

அது ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாக விளங்க வேண்டும். ஆகவே, 1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபா போன்ற 'பாய்ஸ் கம்பெனி'களில் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் நாள்தோறும் பயிற்றப்பட்டன. பருவ வயதில் சிறுவரின் குரல் உடைவதை அவர்கள் 'மகரக்கட்டு' என்றனர். 1933ல் இளமையிலேயே மறைந்த செங்கோட்டை கிட்டப்பாவும், கே.பி. சுந்தராம்பாளும் உச்ச ஸ்தாயியில் பாடிக் கூட்டம் முழுவதையும் கேட்கச் செய்தது அந்த மேடையில்தான்.

பொழுதுபோக்கும் மேடைக்கே இத்தனை உழைப்பு என்றால், இறைவன் பக்கம் மக்களை அழைக்கும் பாங்குக்கு நாம் எவ்வளவு உழைக்கிறோம்?

நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்த குரல்கள்

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும் அவற்றை முழங்கும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. பிலால் (ரலி) அவர்களின் குரல் அதைவிட எட்டக்கூடியது எனக் கூறி, அவருக்குச் சொல்லிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பள்ளியின் அருகே உயரமாக இருந்த ஒரு பெண்மணியின் வீட்டின் மீது ஏறி பிலால் (ரலி) அவர்கள் ஃபஜ்ருடைய பாங்கைச் சொன்னதாக அறிவிப்பு உண்டு.

ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 630ல் ஹுனைன் போர் முடிந்து திரும்பும் வழியில், சில இளைஞர்கள் பாங்கைக் கேலியாகத் திருப்பிச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை அழைத்து ஒவ்வொருவரையும் சொல்லச் செய்து, அவர்களுள் குரல் வளம் மிக்க அபூ மஹ்தூரா (ரலி) அவர்களை நிறுத்திக் கொண்டார்கள். கோபிக்கவில்லை. அருகில் அமர்த்தி ஒவ்வொரு வாசகமாகக் கற்பித்தார்கள். வெள்ளிக்காசுப் பை ஒன்றையும் அன்பளிப்பாகத் தந்தார்கள். மக்காவின் முஅத்தினாக நியமித்தார்கள். அவருடைய சந்ததியினர் தலைமுறைகளாக அப்பணியைத் தொடர்ந்தனர். குரலைக் கண்டறிந்து, கற்பித்து, கண்ணியப்படுத்தி, பொறுப்பை ஒப்படைத்தல் என்ற நான்கும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன.

இதே அபூ மஹ்தூரா (ரலி) அவர்கள் பின்னாளில் அளவு கடந்து குரலை உயர்த்தியபோது, அடிவயிறு கிழிந்துவிடும் என நீர் அஞ்சவில்லையா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்களாம். உரத்த குரல் வேறு, வருத்திக்கொள்ளும் குரல் வேறு!

மிடற்றின் இலக்கணம்

8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள், எழுத்துகளைத் தொண்டையின் அடியிலிருந்து உதடு வரை பிறப்பிட வரிசையில் அமைத்துத் தம் அகராதியைத் தொகுத்தார்கள். 1429ல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜஸரி (ரஹ்) அவர்கள் பதினேழு மக்ரஜ்களை வகுத்தார்கள். அவற்றுள் மூன்று தொண்டையில் உள்ளன. ஆறு எழுத்துகள் அங்கே பிறக்கின்றன. நமது தொல்காப்பியமும் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகும் என்கிறது. அரபியும் தமிழும் காட்டுவது ஒன்றே: குரல் என்பது முறைப்படுத்தப்பட்ட மூச்சு.

ஒலிபெருக்கி வந்த பின்

1936ல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் பாங்குக்கு ஒலிபெருக்கி பயன்படுத்தப்பட்டது. பிறகு அது உலகெங்கும் பரவியது. நன்மைதான், ஆனால் குரல் பயிற்சி நம்மிடம் குறைந்து போனது. கருவி இருக்கிறதே என்று எண்ணி, 'எக்கோ'வைக் கூட்டி வைத்துக் கத்துகிறோம். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 'அக்பர்' என்பதை 'அக்பார்' என நீட்டினால் 'முரசுகள்' என்று பொருள் மாறும். 'அல்லாஹு' என்பதன் முதலெழுத்தை நீட்டினால் அது கேள்வியாகிவிடும். இதை எத்தனை மோதினார்களுக்கு நாம் கற்றுக் கொடுத்திருக்கிறோம்?

சட்டமும் நமக்கொரு செய்தி சொல்கிறது. நமது வடசென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு வழிபாட்டிடத்தின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் கூறவில்லை என 30.8.2000 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. சென்னையில் ஃபஜ்ருடைய பாங்கு ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்னரே வந்துவிடுகிறது. 2020 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி மார்க்கத்தின் அங்கமன்று, மனிதக் குரலால் சொல்லும் பாங்கைத் தடுக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஆக, பிலால் (ரலி) அவர்கள் நின்ற இடத்துக்கே நாம் திரும்ப வந்திருக்கிறோம். அதற்கேற்ற குரல் நம்மிடம் இருக்கிறதா?

நாம் செய்ய வேண்டியவை

அடியேன் மத்ரஸாவில் ஓதிய நாளில் அழகாகப் பாங்கு சொல்லும் தோழர் ஒருவர் இருந்தார். குரல் உடைந்த பருவத்தில் சக மாணவர்கள் சிரித்தார்கள். அன்றோடு அவர் பாங்கு சொல்வதையே விட்டுவிட்டார். மகரக்கட்டு நோயன்று, சில மாதங்களில் குரல் நிலைபெறும். அதுவரை உச்ச ஸ்தாயிக்கு வற்புறுத்தாமல் தாழ்ந்த குரலில் ஓத வைப்பது ஆசிரியர்களின் கடமை.

மோதினார்கள் தொண்டையை இறுக்காமல் வயிறு நிறைய மூச்செடுத்துச் சொல்லட்டும். தண்ணீர் போதிய அளவு அருந்தட்டும், புகையை விடட்டும். குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டட்டும். ஜமாஅத் நிர்வாகிகளோ, புதிய ஒலிபெருக்கிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை மோதினாரின் தஜ்வீத் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் ஒதுக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் தந்த அந்த வெள்ளிக்காசுப் பை நமக்கு நினைவிருக்க வேண்டும்!

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்துமாறு உபதேசித்ததைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. தொழுகையில் ஓதுவதிலும் உரக்கவும் மெதுவாகவும் இல்லாத நடுநிலையையே அது கற்பிக்கிறது. அழைப்பில் எட்டும் குரல், வீட்டில் தணிந்த குரல், ஓதுதலில் தெளிந்த குரல் ஆகிய மூன்றும் பயிற்சியால் வருபவை.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் குரல்களையும் அவனுக்கு உவப்பான வழியில் பயன்படுத்தத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.